ஆபிரிக்கச் சிற்பமும் ஐரோப்பிய ஓவியமும்

சென்ற கோடை விடுமுறைக்குச் சில நாட்களுக்கு முன்னர், நம் கல்லூரி நூல்நிலையத்தில் மேனாட்டுச் சித்திரங்கள் அடங்கிய பெரியதொரு நூலைப் புரட்டிக்கொண்டிருந்தேன். உடனிருந்த நண்பர் ஒருவர் ஒரு பக்கத்தில் விரலை ஊன்றி, "இதுவும் ஒரு சித்திரமோ? முகம் எழுதக் கல்லாதவன் எழுதியது போன்றன்றோ இருக்கிறது!" என்று நகைத்தார். ஐந்து பெண்டிர், கோடரியாற் பிளந்தாற்போன்ற உடல்கள், வலப்புறத்து இருவர்க்கு முகத்துக்குப் பதிலாக முகமூடியே அமைந்திருந்தது. யானும் உடன் நகைத்தேன். ஆனால் எதிர்ப்பக்கத்து விளக்கத்தைப் படித்தபோது, இருபதாம் நூற்றாண்டு ஓவியத்தின் போக்கையே திருப்பிய படங்களுள் அது ஒன்று என்றும், அம்முகங்களின் பின்னே ஆபிரிக்க நாட்டு மரச்சிற்பங்கள் நிற்கின்றன என்றும் கண்டேன். எங்கள் நகைப்பு அடங்கியது. இக்கட்டுரையை அந்நகைப்புக்கு யான் செலுத்தும் தண்டமாகக் கொள்ளலாம்.

ஐரோப்பிய ஓவியர் ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுக் காலம் ஒரு நெறியையே பெரிதும் போற்றி வந்தனர். ஒரு சாளரத்தின் வழியே பார்ப்பார்க்கு உலகம் எங்ஙனம் தோன்றுமோ அங்ஙனமே அதனைத் துணியில் எழுதுதல் அந்நெறியாம். அண்மையிலுள்ளது பெரிதாகவும் சேய்மையிலுள்ளது சிறிதாகவும் தோன்றும். ஒளி ஒரு புறமும் நிழல் மறுபுறமும் விழும். தசையும் எலும்பும் உடற்கூற்று நூலிற் கண்டவாறே அமையும். இந்நெறியில் அவர்கள் அடைந்த திறமை வியத்தற்குரியதே. எனினும் 1839-ஆம் ஆண்டில் நிழற்படக் கலை வெளிப்பட்ட பின்னர், கண்ணுக்குத் தோன்றுவதை அவ்வாறே பதிதற்கு ஓர் இயந்திரமே போதியதாயிற்று. செஸான் என்னும் ஓவியர் மலையையும் கனியையும் திண்ணிய கட்டுக்கோப்புகளாக எழுத முயன்றார். கோகேன் என்பார் 1891-இல் தாகித்தித் தீவுக்கே சென்றுவிட்டார். இளைஞர் பலர் பழைய நெறியின்பாற் சலிப்புற்று, வேறு வழி காணாது நின்ற காலம் அது. நிலம் உழப்பட்டிருந்தது, விதை வேறு கண்டத்தினின்று வந்தது என்க.

அவ்விதை வந்த வழி மிக எளியது. பாரிஸ் மாநகரை அடுத்த அர்ஜாந்தேய் என்னும் ஊரில் ஒரு மதுக்கடையின் அடுக்கில் சில ஆபிரிக்க மரவுருவங்கள் இருக்கக் கண்டு, மோரிஸ் விளாமிங்க் என்னும் ஓவியர், அங்கிருந்தார்க்கு ஒரு முறை மது வாங்கிக் கொடுத்து அவற்றைப் பெற்றார் என்று அவரே பின்னாளில் எழுதிய நினைவுக் குறிப்புக்களிற் காண்கிறோம். பின்னர் அவர்க்கு வெள்ளை பூசிய பெரியதொரு முகமூடியும் கிடைத்தது. அஃது இக்காலத்துக் காபோன் நாட்டில் வாழும் ஃபாங் இனத்தாருடையது. அவருடைய நண்பர் ஆந்திரே தெரேன் அதனைக் கண்டு வாயடைத்து நின்று, இருபது பிராங்கு தருவதாகக் கேட்டார்; விளாமிங்க் இசையவில்லை; ஒரு வாரங் கழித்து ஐம்பது பிராங்குக்கு விற்றார். தெரேனுடைய தொழிற்கூடத்திலே அது தொங்கியபோது பிக்காசோவும் மத்தீஸும் அதனைக் கண்டு கலங்கினர் என்பது விளாமிங்கின் கூற்று. அவர் தம் பங்கைச் சிறிது மிகுத்துக் கூறுபவர் என்று ஆராய்ச்சியாளர் கருதுவர். ஆயினும் அம்முகமூடி இன்றும் பாரிஸில் பொம்பிது நிலையத்தில் உள்ளது.

மத்தீஸோ 1906-ஆம் ஆண்டில், தமக்குப் பழக்கமான ஓர் அம்மையார் வீட்டுக்குச் செல்லும் வழியில், ரென் தெருவிலுள்ள பழம்பொருட் கடையொன்றில் காங்கோ நாட்டுச் சிற்றுருவம் ஒன்றை வாங்கினார். அவ்வம்மையார் அமெரிக்க எழுத்தாளரான கெர்த்துரூத் ஸ்டைன் ஆவர். அன்று பிக்காசோவும் அவ்வீட்டிற்கு வந்தார். அமர்ந்த கோலத்திலிருந்த அச்சிற்றுருவத்தை மத்தீஸ் அவர்க்குக் காட்டினார். மத்தீஸ் அதன்கட் கண்டது யாது? ஐரோப்பியச் சிற்பம் தசையினின்று, அதாவது வருணிக்கப்படும் பொருளினின்று, தொடங்குகின்றது. இச்சிற்பமோ மரத்தின் இயல்பினின்று தொடங்கி, சிற்பி தானே வகுத்துக்கொண்ட தளங்களாலும் அளவுகளாலும் உருவாகின்றது என்று அவர் பின்னாளில் விளக்கினார். இதனினும் சுருங்கிய விளக்கத்தை யான் வேறெங்கும் கண்டிலேன்.

பிக்காசோ அடைந்த அனுபவம் வேறு. 1907-ஆம் ஆண்டில் அவர் ட்ரோக்கதேரோ மாளிகையிலிருந்த மக்களினப் பொருட்காட்சிச்சாலைக்குள் தனியே நுழைந்தார். 1878-ஆம் ஆண்டு உலகக் கண்காட்சிக்கெனக் கட்டப்பட்டது அம்மாளிகை. தூசியும் நாற்றமும் மிகுந்து, கவனிப்பாரற்றுக் கிடந்த கூடங்கள் அவை. வெளியே ஓடிவிட விரும்பியும் ஓடாது நின்றதாக அவர் ஆந்திரே மால்ரோவிடம் 1937-இல் கூறினார். மால்ரோ அதனை 1974-இல், பிக்காசோ மறைந்த மறு ஆண்டில், நூலாக வெளியிட்டார். அம்முகமூடிகள் வெறுஞ் சிற்பங்கள் அல்ல, மனிதனுக்கும் அவனைச் சூழ்ந்த அறியப்படாத ஆற்றல்களுக்கும் இடையே நிற்கும் கருவிகள் என்று தமக்கு அங்கே தோன்றியதாகவும், தாம் ஓவியனானது எதற்காக என்பது அன்றே விளங்கியதாகவும் அவர் உரைத்தார். மத்தீஸுக்கு வடிவம், பிக்காசோவுக்கு மந்திரம். ஒரே பொருளை நோக்கிய இருவர் இருவேறு பொருளைக் கண்டனர்.

இனி, அப்பொருள்கள் தம் நாட்டில் யாவையாக இருந்தன என்பதை அறியாது மேற்செல்லுதல் தகாது. மேனாட்டு நூல்கள் பல இவ்விடத்தை விரைந்து கடந்துவிடுகின்றன; யான் சற்றே தங்க விரும்புகிறேன்.

ஆபிரிக்கச் சிற்பி பெரும்பாலும் ஒரே மரத்துண்டிலிருந்து, இன்னும் ஈரம் புலராத நிலையிலேயே, வாய்ச்சியைக் கொண்டு முழுவுருவையும் செதுக்கி எடுக்கிறான். மரம் நெடிது உருண்டது. ஆதலின் உருவமும் நிமிர்ந்து, கைகள் உடலோடு ஒட்டி, இருபுறமும் ஒத்து நிற்கின்றது. யொரூபா மக்களின் சிற்பங்களில் தலை முழு உயரத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காயிருக்கும். இதனைக் கல்லாமையின் விளைவு என்று எண்ணியோர் உளர். அம்மக்களோ தலையை ஊழும் ஆற்றலும் உறையுமிடமாகக் கருதினர். சிறந்ததனைச் சிறந்த அளவினதாகச் செதுக்கினர். கண்ணுக்குத் தோன்றுவதன்று, உள்ளத்துக்குத் தெரிவதே அங்குச் செதுக்கப்பட்டது.

ஃபாங் இனத்தார் தம் முன்னோரின் தலையோடுகளை மரப்பட்டைப் பெட்டிகளில் வைத்துப் போற்றினர். அப்பெட்டியின்மேற் காவலாக அமர்த்தப்பட்ட மரவுருவங்களே பின்னர்ப் பாரிஸ் கடைகளில் 'கருஞ்சிலை' என விலைபோயின. பல்லாண்டுகள் எண்ணெய் பூசப்பட்டமையால் அவற்றுட் சில இன்றும் கண்ணாடிப் பேழைக்குள் எண்ணெய் கசிந்துகொண்டிருக்கின்றன. கோட்டா மக்கள் அத்தகைய காவலுருவங்களைச் செப்புத் தகட்டாலும் பித்தளைத் தகட்டாலும் போர்த்தினர். காங்கோ நாட்டில் ஒருவகை உருவங்களின் உடலெங்கும் இரும்பாணிகள் அறையப்பட்டிருக்கும். கொடுமை விளைக்க அறைந்தனவென்று பார்ப்போர் எண்ணுவர். உண்மையில் ஒவ்வோர் ஆணியும் ஓர் ஒப்பந்தம், ஒரு சூளுரை, அல்லது தீர்க்கப்பட்ட ஒரு வழக்கு. நம்மூர்ப் பத்திரங்களில் இடும் கையொப்பம் போல்வது அவ்வாணி என்று கொள்ளின் பெரிதும் பிழையாகாது. முகமூடியோவெனின், நார் ஆடையும் பறையொலியும் ஆட்டமும் சூழ, குறித்த நாளிற் குறித்தவர் முன்னரே வெளிப்படுவது. பொருட்காட்சிச்சாலைச் சுவரில் நாம் காண்பது அம்முழுமையினின்று அறுத்தெடுத்த முகம் மாத்திரமே.

இவற்றுள் ஒன்றையும் பாரிஸ் ஓவியர் அறியார். அறிய முயன்றாரும் அல்லர். இனத்தையோ ஊரையோ கேளாது, ஆபிரிக்கப் பொருளையும் பசிபிக் தீவுப் பொருளையும் ஒரே பெயரால் வழங்கினர். எனினும் வடிவத்தின் ஆற்றலை அவர்கள் உணர்ந்தது பொய்யன்று. இவ்விரண்டினையும் சேர்த்தே கூறவேண்டும்.

எங்கள் நகைப்புக்கு இலக்கான படத்துக்கு வருவோம். 'அவீஞோன் மங்கையர்' என்பது அதன் பெயர். அப்பெயரைப் பின்னர் 1916-இல் இட்டவர் ஆந்திரே சால்மொன் என்னும் எழுத்தாளர். உயரம் ஏறத்தாழ 244 செண்டிமீட்டர், அகலம் 234. எழுதப்பட்டோர் பரத்தையர், ஆனால் இன்பத்தின் சாயல் அங்கு ஒரு சிறிதும் இல்லை. 1907-இல் நண்பர்கட்கு அதனைக் காட்டியபோது, மண்ணெண்ணெய் குடிக்கச் சொல்வது போலிருக்கிறது என்று பிராக் கூறினார் என்பர். அப்படத்தின் பின்னே பிக்காசோ ஒருநாள் தூக்கிட்டுக்கொள்ளக் கூடும் என்று தெரேன் அஞ்சினாராம். பல்லாண்டுகள் அது தொழிற்கூடத்திலேயே கிடந்தது. 1939 முதல் நியூயார்க் நவீனக் கலைப் பொருட்காட்சிச்சாலையில் இருக்கின்றது.

அவ்வலப்புற முகங்கள் ஆபிரிக்க முகமூடியைப் பார்த்து எழுதியனவோ? இவ்வினா எளிதன்று. பிக்காசோவே ஒரு காலத்தில் அதனை மறுத்தார். தம் தாய்நாடாகிய ஸ்பெயினின் பழைய இபேரியக் கற்சிலைகளே தமக்கு வழிகாட்டின என்றார். அதிலும் உண்மை உண்டு. 1906-இல் அவ்விபேரியச் சிலைகள் லூவர் மாளிகையில் வைக்கப்பட்டிருந்தன. அவ்வாண்டிலேயே கெர்த்துரூத் ஸ்டைனின் உருவப்படத்தை எழுதிவந்த பிக்காசோ, எண்பதுக்கு மேற்பட்ட அமர்வுகளின் பின் முகத்தை அழித்துவிட்டு, கோடையைக் கோசோல் என்னும் சிற்றூரிற் கழித்துத் திரும்பி, அவரைப் பாராமலே முகமூடி போன்ற முகமொன்றை எழுதி முடித்தார். ஆகவே முகமூடியை நோக்கி அவர் கை முன்னரே நகர்ந்திருந்தது. மேலும், நூல்களில் அப்படத்தின் பக்கத்தில் அச்சிடப்படும் முகமூடிகளுட் சில 1907-ஆம் ஆண்டில் பாரிஸுக்கு வந்திருக்கவே இல்லை என்பதை வில்லியம் ரூபின் என்பார் 1984-இல் நியூயார்க்கில் நடத்திய பெருங்கண்காட்சியின்போது எடுத்துக் காட்டினார். ஆதலின் இன்ன முகமூடியினின்று இன்ன முகம் வந்தது என்று கோடிட்டுக் காட்டுதல் இயலாது. பார்த்துப் படியெடுத்தல் வேறு; பார்த்தமையால் துணிவு பெறுதல் வேறு. ஆபிரிக்கச் சிற்பம் பிக்காசோவுக்கு அளித்தது அத்துணிவையே என்பது என் கருத்து.

வெறுங்கருத்தோடு நில்லாது, காட்டத்தக்க சான்று ஒன்றும் உண்டு. இதுவே இவ்வரலாற்றில் எனக்கு மிக்க இன்பம் பயந்த பகுதி. 1912-இல் பிக்காசோ மார்ஸேய் நகரில் கிரேபோ என்னும் மேற்காபிரிக்க இனத்தாரின் முகமூடியொன்றைப் பெற்றார். அது பெரும்பாலும் ஒரு தட்டைப் பலகை. நெற்றி முன்னே துருத்தும். மூக்கு ஒரு நெடுஞ்சட்டம். வாய் ஒரு சிறு கட்டை. கண்களோ பலகையினின்று வெளியே நீளும் இரண்டு உருளைகள். கண் குழிவானது அன்றோ? குழியைக் காட்டவேண்டிய இடத்தில் மேட்டை வைத்தான் அச்சிற்பி. ஆயினும் காண்போர் அதனைக் கண் என்றே உணர்கின்றனர். ஏனெனில் முகத்தை அச்சிற்பி போலச் செய்யவில்லை, குறிகளால் எழுதினான். அவ்வாண்டின் இறுதியில் பிக்காசோ அட்டையும் நூலும் கொண்டு ஒரு கித்தார் வாத்தியம் செய்தார். வாத்தியத்தின் நடுவேயுள்ள துளையை எங்ஙனம் காட்டினார்? வெளியே நீளும் ஓர் உருளையாக! துளை மேடாயிற்று. இத்தொடர்பைத் தெளிவுபட விளக்கியவர் பிக்காசோவின் படங்களை விற்றுவந்த கான்வைலர். அவர் அதனை 1948-இல் எழுதினார். இங்கே வடிவம் கடன் வாங்கப்படவில்லை. கித்தார் முகமூடி போன்று இல்லை. கடன் வாங்கப்பட்டது எழுத்திலக்கணம். க்யூபிஸம் என்னும் இயக்கத்தின் பிற்பகுதி முழுவதும், பொருளைப் போன்மையாற் காட்டாது குறியாற் காட்டும் இவ்விலக்கணத்தின்மேல் நிற்பதாகச் சொல்லலாம்.

தமிழ் பயிலும் மாணவனாகிய எனக்கு இவ்விடத்தில் முதனூல், வழிநூல், சார்புநூல் என்னும் பாகுபாடு நினைவிற்கு வருகின்றது. வழிநூலாசிரியன் முதனூலின் பொருள் முழுவதையும் ஒத்துக்கொண்டு, வேண்டும் வேறுபாடு செய்வான். சார்புநூலாசிரியனோ சிறிதே ஒத்துப் பெரிதும் வேறுபடுவான். அம்முறையில் நோக்கின் பிக்காசோவின் படம் வழிநூலன்று, சார்புநூல். ஆனால் நம் ஆசிரியர் மரபில் சார்புநூல் செய்வோனும் முன்னோன் யாவன் என்பதைக் கூற நாணுவதில்லை. பாரிஸில் அது நிகழவில்லை.

பிறரைச் சுருக்கமாகக் கூறுவேன். இத்தாலியினின்று 1906-இல் பாரிஸ் வந்த மொதில்யானி, சில ஆண்டுகள் தூரிகையைப் பெரும்பாலும் விடுத்துச் சுண்ணாம்புக் கல்லில் தலைகளைச் செதுக்கினார். 1912-ஆம் ஆண்டு இலையுதிர்காலக் கண்காட்சியில் ஏழு தலைகளை வைத்தார். நெடிய மூக்கும் சிறிய வாயும் கொண்ட அவற்றில் ஐவரிக் கோஸ்டு நாட்டுப் பவுலே, குரோ முகமூடிகளின் சாயல் உண்டு. எகிப்தியச் சாயலும் உண்டு. பின்னர் அவர் எழுதிய உருவப்படங்களில் அம்முகம் நிலைத்துவிட்டது. மத்தீஸ் 1913-இல் எழுதிய தம் மனைவியின் படத்தில், சாம்பல் பூத்த முகமும் வெறுங்கண்களும் ஃபாங் முகமூடியை நினைப்பிக்கின்றன. அம்மையார் அதனைக் கண்டு மகிழ்ந்திருப்பாரோ என்பது ஐயமே. ஜெர்மனியில் 1905-இல் தோன்றிய 'பாலம்' என்னும் குழுவினர் திரெஸ்டன் நகரப் பொருட்காட்சிச்சாலையிற் கண்ட ஆபிரிக்கப் பொருள்களையும் தீவுப் பொருள்களையும் பின்பற்றி மரமுஞ் செதுக்கினர், படமும் எழுதினர். 1915-இல் கார்ல் ஐன்ஸ்டைன் என்னும் ஜெர்மானியர் ஆபிரிக்கச் சிற்பத்தைக் கலையென்றே கொண்டு தனி நூல் இயற்றினார். 1937-இல் நாஜிகள் மியூனிக்கில் 'இழிந்த கலை' என்று பெயரிட்டு நவீன ஓவியங்களை எள்ளி வைத்தபோது, கறுப்பு மக்களின் கலையைப் பின்பற்றியதும் அக்குற்றச்சாட்டுக்களுள் ஒன்றாயிற்று.

இப்பொருள்கள் ஐரோப்பா வந்த வரலாறு இனிமையானதன்று. வணிகர் கொணர்ந்தன சில. படைவீரர் கொள்ளையிட்டன பல. 1892-இல் பிரெஞ்சுப் படைத்தலைவர் தோத்ஸ் தகோமே நாட்டின் தலைநகராகிய அபோமேயைக் கைப்பற்றி, அரண்மனையிலிருந்த அரசுருவங்களையும் அரியணைகளையும் எடுத்துவந்து ட்ரோக்கதேரோவுக்கு வழங்கினார். பிக்காசோ நுழைந்த கூடங்கள் அவை இருந்த மாளிகையினவே. 1897-இல் ஆங்கிலப் படை பெனின் நகரைச் சூறையாடியதும் அறியத்தக்கது.

கிறிஸ்தவ மாணவனாகிய யான் மறைத்தற்கு உரியதல்லாத செய்தி மற்றொன்று உண்டு. மிஷனெரிமார் பலர் இவ்வுருவங்களைப் பொய்த் தேவர்கள் என்று எரித்தனர். வேறு சிலர் வெற்றிச் சின்னங்களாகத் தம் நாட்டுக்கு அனுப்பினர். இவர்க்கிடையே சுவீடன் நாட்டு மிஷனெரியாகிய கார்ல் லாமன் என்பார் வேறொன்று செய்தார். கீழ்க் காங்கோவில் ஊழியஞ் செய்த அவர், தம்மோடிருந்த காங்கோ நாட்டு ஆசிரியர்களை, தம் மக்களின் வழக்கங்களையும் ஆணியறைந்த உருவங்களின் பயனையும் தம் சொந்த மொழியிலேயே குறிப்பேடுகளில் எழுதுமாறு செய்தார். இன்று அவ்வுருவங்களின் பொருளை ஆராய்வோர்க்கு அக்குறிப்பேடுகளே பெருந்துணை. உருவத்தை எடுத்துச் சென்ற ஓவியர் கேளாத வினாவை ஒரு சமய ஊழியர் கேட்டார் என்பதும், விடை எழுதினோர் அந்நாட்டவரே என்பதும் நினைக்கத் தக்கன.

'போலச் செய்ய அவர்க்குத் தெரியாது. ஆதலின் இவ்வாறு செதுக்கினர்' என்னும் பழங்கூற்றுக்கும் விடை கிடைத்துவிட்டது. நைஜீரியாவில் இஃபே நகரில் 1938-இல் மண்ணினின்று வெளிப்பட்ட செம்புக் கலவைத் தலைகள், அறுநூறு எழுநூறு ஆண்டுகட்கு முன்னரே அங்கு வாழ்ந்த சிற்பியர் உயிருள்ள முகத்தை அப்படியே வடிக்க வல்லவராயிருந்தனர் என்பதை நாட்டின. அத்தகைய தலையொன்றை முன்னரே 1910-இற் கண்ட பிரோபேனியுஸ் என்னும் ஜெர்மானிய ஆராய்ச்சியாளர், கறுப்பு மக்கள் செய்திருக்கலாகாது என்று கருதி, கடலில் மூழ்கிய அத்லாந்திஸ் நாட்டாரை அதற்கு உரியவராக்கினார். கற்றவரும் இவ்வளவு தூரம் ஓடுவர்!

இன்னொரு செய்தி வியப்பினும் துயரம் தருவது. மத்தீஸ் பாரிஸில் காங்கோச் சிற்றுருவத்தை வாங்கிய அதே 1906-ஆம் ஆண்டில், லாகோஸ் நகரில் ஐனா ஓனபோலு என்னும் இளைஞர் ஐரோப்பிய முறையில், ஒளியும் நிழலும் வழுவாது, ஒரு பெருமாட்டியின் உருவப்படத்தை எழுதிக்கொண்டிருந்தார். ஆபிரிக்கனாலும் இங்ஙனம் எழுத இயலும் என்று ஆள்வோர்க்குக் காட்டுவது அவர் நோக்கம். ஒருவர் எறிந்துவிட முயன்றதை மற்றவர் அரிதின் முயன்று கற்றார். அவருடைய பெயரை எத்துணை ஐரோப்பிய ஓவிய வரலாறுகள் கூறுகின்றன? யான் புரட்டிய நூலில் இல்லை.

சிற்பியரின் பெயர்களும் அவ்வாறே. பெயரற்ற கலை என்று நெடுங்காலம் கூறிவந்தனர். பெயரைக் கேளாதவர் அங்ஙனம் கூறுதல் எளிது. யொரூபா நாட்டுச் சிற்பியாகிய ஓலோவே செதுக்கிய அரண்மனைக் கதவுகள் 1924-இல் இலண்டன் வெம்பிளிக் கண்காட்சியில் வைக்கப்பட்டன. பிரித்தானியப் பொருட்காட்சிச்சாலையார் அவற்றை விரும்பி, ஈகேரே அரசர்க்கு இங்கிலாந்திற் செய்த அரியணையொன்றைக் கொடுத்து மாற்றிக்கொண்டனர். கதவு போயிற்று, செய்தவன் பெயர் பின்னரே அங்கு அறியப்பட்டது. அவன் ஊராரோ அவனைப் புகழ்ந்து பாடல்களே பாடிவந்தனர்.

தோத்ஸ் எடுத்துச் சென்றவற்றுள் இருபத்தாறு பொருள்களைத் திருப்பிக் கொடுக்கப் பிரெஞ்சு நாடு 2020-இல் சட்டம் இயற்றி, 2021 நவம்பரில் கொடுத்தது. சுறாமீன் உருவிலும் சிங்க உருவிலும் அமைந்த அரசர் சிலைகள் அவற்றுட் சேர்ந்தன. 2022-இல் பெனின் நாட்டின் கோத்தோனு நகரில், குடியரசுத் தலைவர் மாளிகையிலேயே, அவை மக்கட்குக் காட்டப்பட்டன. அவற்றின் அடுத்த கூடங்களில், அந்நாட்டில் இன்று வாழும் ஓவியரும் சிற்பியரும் செய்த புதிய படைப்புக்கள் வைக்கப்பட்டிருந்தன. அவை ஒவ்வொன்றும் செய்தவர் பெயரோடே நின்றன.